மண்ணில் கிடைத்த மருந்து

ஈரச் சுவரிலும் பழைய ரொட்டியிலும் படரும் பூஞ்சணத்தை நாம் அருவருப்போடு துடைத்தெறிகிறோம். அவ்வினத்தைச் சேர்ந்த ஒன்றே, ஒருவருடைய சிறுநீரகம் மற்றொருவர் உடலில் நிலைத்திருக்க வழிவகுத்தது.

1954-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே சிறுநீரக மாற்றுச் சிகிச்சையில் வெற்றி கண்டார். ஆயினும், கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே உருவ இரட்டையர். பிறருடைய உறுப்பையோ உடல் அந்நியப் பொருளெனக் கருதித் தாக்கியது. அத்தாக்குதலைத் தணிக்கப் பின்னர் வந்த மருந்துகள் எலும்பு மஜ்ஜையையும் நலித்தன.

ஸ்விட்சர்லாந்தின் பேஸல் நகரிலிருந்த ஸாண்டோஸ் மருந்து நிறுவனம், வெளிநாடு செல்லும் ஊழியர்களைச் சிறிது மண் கொண்டுவரச் சொல்வது வழக்கம். 1969-இல் ஒருவர் நார்வேயின் ஹார்டாங்கர்விட்டா மேட்டுநிலத்து மண்ணைக் கொணர்ந்தார். அதில் வளர்ந்த பூஞ்சணம் தந்த பொருளை நுண்ணுயிர்க்கொல்லியாகச் சோதித்தனர்; ஆற்றல் சொற்பமே. ஆயினும் அதை எறிந்துவிடாமல் வேறு சோதனைகளுக்கும் உட்படுத்தினர். ஸ்டேஹெலின், போரெல் ஆகியோரின் ஆய்வுக்கூடங்களில் 1972 ஜனவரியில் உண்மை வெளிப்பட்டது. அப்பொருள் எலிகளின் உடல் எதிர்ப்பாற்றலை அடக்கியது. ஆனால் மற்ற உயிரணுக்களைக் கண்மூடித்தனமாகக் கொல்லவில்லை.

அதுவே சைக்ளோஸ்போரின்: 11 அமினோ அமிலங்களை வளையமாகக் கோத்த மாலை. புரதங்களை உயிரணுக்கள் ரைபோசோம் என்னும் பட்டறையில் ஆக்குகின்றன. அப்பட்டறை பொதுவாக 20 வகை அமினோ அமிலங்களையே கையாளும். இம்மாலையிலோ அவ்வரிசையில் சேராதனவும் உள. ஆகவே பூஞ்சணம் தனிவழி கண்டது. ஒரே பெரும் நொதி. அதில் 11 பகுதிகள். ஒவ்வொரு பகுதியும் ஓர் அமிலத்தைப் பற்றி, முந்தியதோடு இணைத்து, அடுத்த பகுதியிடம் ஒப்படைக்கிறது. இறுதியில் இரு முனைகளும் சேர்ந்து வளையமாகின்றன. 1994-இல் இந்நொதியின் மரபணு படித்தறியப்பட்டது. நொதியில் 15,281 அமினோ அமிலங்கள் இருப்பது தெரிந்தது. 11 மணிகளைக் கோக்க இத்துணைப் பெரிய கருவி!

1978-இல் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் டாக்டர் ராய் கால்ன் இதனை நோயாளிகளுக்கு அளித்தார். மாற்றிய உறுப்பு நிலைத்தது; ஆயினும், காக்க வந்த மருந்தே அளவு மிகுந்தால் சிறுநீரகத்தைக் கெடுப்பதும் புலனாயிற்று. அளவைக் குறைத்து வழங்கக் கற்றனர். 1983-இல் அமெரிக்க அரசு அனுமதி வழங்கியது.

கேட்ட கேள்விக்கு இப்பூஞ்சணம் விடை தரவில்லை. கேளாத கேள்விக்குத் தந்தது. ஒரு சோதனையில் தோற்ற பொருளைப் பயனற்றதென்று ஒதுக்குமுன், மற்றொரு கேள்வியையும் கேட்டுப் பார்த்தல் நன்று என்பதே இவ்வரலாறு நமக்கு உணர்த்துவது.