சவரக்கத்தியும் தீட்டுக்கல்லும்

அரபு மொழியில் தீட்டுக்கல்லுக்கு ‘மிஸன்’ என்று பெயர். ‘ஸன்ன’ என்னும் வேரிலிருந்து பிறந்த சொல் அது. கத்தியைத் தீட்டினான் என்பதற்கும், ஒரு நெறியை வகுத்தான் என்பதற்கும் இவ்வொரு வினையே நிற்கும். பல்லைக் குறிக்கும் ‘ஸின்’, ஈட்டிமுனையைக் குறிக்கும் ‘ஸினான்’, நாம் அன்றாடம் வழங்கும் ‘ஸுன்னத்’ ஆகிய யாவும் இவ்வேரின் கிளைகளே. திருக்குர்ஆனின் 15-ஆம் அத்தியாயத்தில், மனிதன் படைக்கப்பெற்ற களிமண்ணுக்கு அடைமொழியாக ‘மஸ்னூன்’ என்ற சொல் வருகின்றது. அதற்குப் பொருள் காணப் புகுந்த மொழிநூலார் சிலர், கல்லின்மேல் கல்லை வைத்துத் தேய்க்குங்கால் இடையிலிருந்து வெளிப்படும் பொருளுக்கு ‘ஸனீன்’ என்று பெயருண்டு என எடுத்துக்காட்டினர். அகராதியாளர் போகிற போக்கில் குறித்துச் சென்ற அந்தக் குழம்பு சவரக்கத்தி தீட்டுவோனுக்கு எத்துணை இன்றியமையாதது என்பதைப் பின்னே காண்போம்.

மழிக்கும் கத்திக்கு அரபியர் இட்ட பெயர் ‘மூஸா’. எழுத்தில் நபி மூஸா (அலை) அவர்களின் பெயரைப் போன்றே தோன்றினும் இது வேறு சொல். ஹிஜ்ரி 4-ஆம் ஆண்டில் (கி.பி. 625) பகைவர் கையில் அகப்பட்டு, மக்காவில் மரணத்தை எதிர்நோக்கியிருந்த குபைப் இப்னு அதிய்யி (ரலி) அவர்கள் அவ்வீட்டுப் பெண்ணிடம் ஒரு மூஸாவை இரவல் பெற்ற செய்தி ஸஹீஹுல் புகாரியில் உள்ளது. கத்தி கையிலிருக்கும்போதே அவளுடைய குழந்தை அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, தாய் நடுங்கிப்போனாள். அக்குழந்தைக்குத் தம்மால் எத்தீங்கும் நேராது என்று அவர் தேற்றினார். கொலைக்குக் குறிக்கப்பட்ட ஒருவர் இறுதியாக விரும்பியது மேனித் தூய்மையை. அதற்கு வேண்டியது கூரான இரும்பு. குர்பானி ஆட்டை அறுக்குமுன் கத்தியைக் கல்லில் தீட்டித் தருமாறு அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஆயிஷா (ரலி) அவர்களிடம் கூறியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வரும் அறிவிப்பையும் நம்மவர் நன்கறிவர்.

எந்தக் கல்லில் என்பது கைவினைஞனின் கேள்வி. அதற்கு விடை சொன்ன பழைய ஆசிரியர்களுள் ஒருவர் உரோமர் பிளினி, கி.பி. 79-இல் மறைந்தவர். தம் இயற்கை வரலாற்றில் தீட்டுக்கற்களை எதைக் கொண்டு நனைப்பது என்பதை வைத்தே அவர் பிரிக்கின்றார். கிரீட் தீவின் கல்லுக்கு எண்ணெய் வேண்டும். நக்ஸோஸ் தீவின் கல்லுக்கு நீர் போதும். ஸிலீஸியாவின் கல் இரண்டையும் ஏற்கும். இவற்றுக்கப்பால் ஸ்பெயினிலிருந்து வந்த ஒருவகைக் கல்லை நாவிதர் கடைகளில் உமிழ்நீர் தொட்டுத் தீட்டினராம்! மனித உமிழ்நீர் தூய்மையானது என்பது ஃபிக்ஹின் தீர்ப்புத்தான். எனினும் அந்தக் கடையில் முகத்தைக் கொடுத்திருக்க நமக்கு மனம் வராது.

இவற்றுள் ஏன் ஒன்று மற்றொன்றினும் சிறந்தது? கல்லுக்குள் இருக்கும் மணிகளின் பருமனும் வடிவமுமே காரணம். பெல்ஜியத்தின் ஆர்தென் மலைப்பகுதியில் வியெல்ஸாம் ஊரையடுத்துக் கிடைக்கும் கோட்டிக்யூல் என்னும் மஞ்சட்கல்லை நோக்குக. நீலநிறப் பலகைப்பாறைகளின் இடையே மெல்லிய படலமாக ஓடுவது அது. கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய கார்னெட் மணிகள் அதில் செறிந்துள்ளன. எஃகை அறுக்கும் வன்மை அம்மணிகளுக்கு உண்டு. ஆயினும் பல முகங்கள் கொண்டு ஏறக்குறைய உருண்டையாக இருப்பதால் அவை ஆழக் கீறுவதில்லை. வன்மையும் மென்மையும் ஒருங்கே அமைந்த இக்கல்லை ஐரோப்பிய நாவிதர் தலைமுறை தலைமுறையாகப் போற்றியதில் வியப்பில்லை. மஞ்சட்படலம் மெலிதாகையால் அதனை நீலக்கல்லின்மேல் ஒட்டி விற்றனர்.

அதன்மேல் நீர்விட்டுச் சிறு கல்லொன்றால் தேய்த்தால் பால்போலக் குழம்பு எழும். நம் அகராதியாளர் சொன்ன ஸனீன் இதுவே. குழம்பு கெட்டியாக இருந்தால் இரும்பு விரைந்து தேயும். நீர் ஊற்றி ஊற்றி அதனை இளக்கிக்கொண்டே வந்து, தெளிந்த நீரில் முடிக்க வேண்டும். ஒரே கல் முரட்டுக் கல்லாகவும் மெருகுக் கல்லாகவும் ஆகிவிடுகின்றது. கத்தியின் முதுகும் வாயும் ஒருசேரக் கல்லில் படிய, வாய் முன்செல்லத் தள்ள வேண்டும். முதுகு உயர்ந்தால் கூர் மழுங்கும். ஆசியா மைனரிலிருந்து சென்று ‘துருக்கிக் கல்’ என்று ஐரோப்பாவில் பெயர்பெற்ற கல்லுக்கு எண்ணெயே ஏற்றது. கல்லை மாற்றியவன் கைப்பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

தமிழ்நாட்டிலும் தீட்டுதல் கல்லோடு நின்றதில்லை. ‘தீட்டின மரத்திலேயே கூர் பார்ப்பது’ என்னும் வழக்கு, மரத்திலும் கத்தி தீட்டிய பழக்கத்துக்குச் சான்று.

கல்லில் முடிந்த கூர் முகத்துக்கு ஆகாது. அடுத்தது தோல்வார். அதில் கத்தியை இழுக்கும் முறை தலைகீழ்: முதுகு முன்செல்ல, வாய் பின்தொடர வேண்டும். மறந்தால் தோல் அறுபடும். வாரைத் தொய்யவிட்டால் தோல் வளைந்து, கல்லில் பெற்ற கூரை உருட்டிவிடும். வாராகப் பயன்படும் தோல்களுள் பெரிதும் மதிக்கப்படுவது குதிரையின் பின்புறத்திலிருந்து எடுக்கும் அடர்ந்த தோல். அதன் பெயர் ‘கோர்டோவன்’. நம்முடைய குர்துபாதான் அது! அந்தலுஸ் முஸ்லிம்களின் தலைநகரில் பதப்படுத்திய ஆட்டுத்தோலுக்கு முதலில் வழங்கிய பெயர், பிற்காலத்தில் குதிரைத்தோலுக்கு ஏறிவிட்டது. செருப்புத் தைப்பவரைப் பிரெஞ்சுக்காரர் அழைக்கும் சொல்லிலும் அந்நகரமே ஒளிந்திருக்கின்றது. கி.பி. 822-இல் குர்துபா வந்து சேர்ந்த இசைவாணர் ஸிர்யாப் முடிதிருத்தும் பாணியையே மாற்றினார் என வரலாற்றாசிரியர் மக்கரீ விரித்துரைக்கின்றார். அந்த முடியைத் திருத்திய கைகளின் பெயர்கள் அங்கு இல்லை.

இங்கேதான் நமக்கு ஒரு மனக்குறை. வாளைப் பற்றி அல்கிந்தீ தனிநூல் செய்தார். எந்நாட்டு இரும்பு எத்தகையது என்று அதில் வகுத்துரைத்தார். ஸலாஹுத்தீன் ஐயூபியின் காலத்தவரான ஷைஸரீயும், ஹிஜ்ரி 729-இல் (கி.பி. 1329) மறைந்த இப்னுல் உகுவ்வாவும் அங்காடிக் கண்காணிப்பாளர்களுக்காக எழுதிய ஹிஸ்பா நூல்களில் நாவிதருக்கும் இடமளித்தனர். அவர் இலேசான கையினராக இருக்க வேண்டும். கத்தி கூராக இருக்க வேண்டும். வேலைநாளில் வெங்காயம் போன்று வாய்நாற்றம் தருவனவற்றை உண்ணலாகாது. நல்ல விதிகளே. ஆனால் கூரைக் கேட்டவர்கள், அக்கூர் எந்தக் கல்லில் எந்தத் தோலில் பிறக்கின்றது என்று அவரிடம் கேட்டு எழுதிவைத்தார்களில்லை. பாரிஸ் நகரத்துக் கத்தி வினைஞர் ழான் ழாக் பெர்ரே 1769-இல் அதனைச் செய்தார். தானே மழித்துக்கொள்ளும் கலையைப் பற்றிய தம் நூலில், தீட்டுக்கற்களை இனங்காண்பதையும் தோல்வாரைப் பக்குவப்படுத்துவதையும் சேர்த்தே சொல்லிவைத்தார். அவர் செய்கைத் தொழிலர். ஆகவே அவருக்குத் தெரிந்தது.

நம் பக்கத்தில் நேர்ந்தது வேறு. இமாம் நவவீயின் மின்ஹாஜில், மணப்பொருத்தம் பேசுமிடத்தில், ஹஜ்ஜாம் ஒருவர் தையற்காரர் மகளுக்கு நிகரல்லர் என்று வருகின்றது. ஹஜ்ஜாம் என்பது குருதி உறிஞ்சி எடுப்பவரைக் குறித்த சொல். உருதுவில் அது நாவிதருக்கே பெயராயிற்று. ஆனால் அத்தொழில் செய்த அபூ தய்பாவுக்கு அண்ணலார் (ஸல்) கூலி கொடுத்ததோடு, அவர் செலுத்திவந்த வரியைக் குறைக்குமாறு அவருடைய எசமானரிடமும் பரிந்துரைத்தார்கள். சட்டநூலார் அக்கால ஊர்வழக்கைப் பதிந்தனர் என்பது நம் கருத்து. அதை மார்க்கத்தின் மதிப்பீடாகக் கொள்வது நீதியன்று. மலபாரில் ‘ஒஸ்ஸான்’ என்றும் இலங்கையில் ‘ஒஸ்தா’ என்றும் முஸ்லிம் நாவிதரை அழைக்கின்றனர். உஸ்தாத் என்பதன் திரிபாக இதைக் கருத இடமுண்டு. மத்ரஸாவில் நம்மையும் மாணவர் உஸ்தாத் என்றே விளிக்கின்றனர். பட்டம் ஒன்று, பந்தியில் இடம் மட்டும் வேறாயிற்று.

அவர் நாள்தோறும் வாரைத் தேடியதன் காரணத்தை அறிவியல் அண்மையில்தான் நெருங்கிக் கண்டது. எஃகைவிட ஏறத்தாழ 50 மடங்கு மென்மையானது மயிர். அது எவ்வாறு எஃகின் வாயைக் கெடுக்கின்றது? மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தார் 2020-இல் வெளியிட்ட ஆய்வில், எஃகின் உள்ளமைப்பு ஒருசீராக இல்லாத இடத்தில், மயிர் சாய்ந்து வளையுங்கால் விளிம்பு சிறுசிறு சில்லாகப் பெயர்கின்றது எனக் கண்டனர்.

1903-இல் அமெரிக்காவில் கில்லெட் நிறுவனம் தூக்கியெறியும் பிளேடைச் சந்தைக்குக் கொணர்ந்தது. அவ்வாண்டு விற்றவை 51 சவரக்கருவிகளும் 168 பிளேடுகளுமே. கல்லையும் வாரையும் அது மெல்ல மெல்ல வேலையற்றவையாக்கியது. இரத்தத்தால் நோய் பரவும் என்னும் அச்சமும் பின்னர்ச் சேர்ந்தது. அது நியாயமான அச்சமே. கடைகளில் இன்று காணும் கத்தி வடிவில் பழையது. அதன் வாயில் செருகப்படுவதோ பாதியாக ஒடித்த பிளேடு.

ஆர்தென் மலையடியில், ஸால்ம்ஷாதோவில், கோட்டிக்யூலுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. நம் ஊர்களில் வயது முதிர்ந்த ஒஸ்தாக்களின் பெட்டிகளில் கிடக்கும் கற்கள் எந்த மலையிலிருந்து வந்தவை, யார் கொணர்ந்து விற்றனர், நீர் தொட்டனரா எண்ணெய் தொட்டனரா, வாருக்கு எத்தோலைத் தேர்ந்தனர் என்பவற்றை, மொழிநூல் பயின்ற நம் மாணவர்கள் தாளும் எழுதுகோலுமாகச் சென்று அவர்களிடம் கேட்டு எழுதி அனுப்பலாம். அவர்கள் சொல்லும் சொற்களை அவ்வாறே எழுதுக; இலக்கணம் பார்த்துத் திருத்த வேண்டா.