ஆய்வுக் கட்டுரைகளைத் திரும்பப் பெறுதல்

ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரையின் முடிவுகளை இனி நம்பலாகாது என்று அவ்விதழே அறிவிப்பது திரும்பப் பெறுதல் ஆகும். கட்டுரை பெரும்பாலும் அழிக்கப்படுவதில்லை; திரும்பப் பெறப்பட்டது என்ற முத்திரையோடு இணையத்தில் இருக்கும். காரணத்தைச் சொல்லும் அறிவிப்பு தனியாக வெளிவரும்.

ஆங்கில இதழ்களில் அறியப்பட்ட முதல் எடுத்துக்காட்டு 1756-ஆம் ஆண்டினது. மின்னூட்டத்தைச் சேமிக்கும் லேடன் குடுவைச் சோதனைக்கு 1746-இல் தாம் அளித்த விளக்கம் தவறு என்று, ஓவியரும் மின்னியல் ஆய்வாளருமான பெஞ்சமின் வில்சன் லண்டன் அரச கழகத்தின் ‘பிலசாபிகல் டிரான்சாக்ஷன்ஸ்’ இதழில் தம் பெயரிலேயே எழுதினார். அமெரிக்க அறிவியலாளர் பெஞ்சமின் பிராங்ளினின் மின்னியல் கருத்து தொடர்பாகக் கண்டறிந்தவை அவர் எண்ணத்தை மாற்றியிருந்தன. பிழையை உணர்ந்தவரே அதை அறிவித்த இந்த முன்மாதிரி பிற்காலத்தில் அரிதாகிவிட்டது. எடுத்துக்காட்டாக, தடுப்பூசியை ஆட்டிசத்தோடு தொடர்புபடுத்திய, ஆங்கிலேய மருத்துவர் வேக்ஃபீல்டின் 1998-ஆம் ஆண்டுக் கட்டுரையை ‘லான்செட்’ மருத்துவ இதழ் விலக்க 12 ஆண்டுகள் ஆயின.

1997-இல் தோன்றிய வெளியீட்டு அறநெறிக் குழு (கோப்) 2009-இல் நெறிமுறை வகுத்தது. புகார் வந்ததும் ஆசிரியர் குழு கட்டுரையாளரிடம் விளக்கம் கேட்கும். தேவையானால் அவர் பணிபுரியும் நிறுவனத்தை விசாரிக்கச் சொல்லும். சிறு பிழைக்குத் திருத்தம், விசாரணை முடியாதபோது ஐய அறிவிப்பு, அடிப்படையே தகர்ந்தால் திரும்பப் பெறுதல். கட்டுரையாளர் இசையாவிட்டாலும் இதழ் இதைச் செய்யலாம். நேர்மையான பிழையும் இதில் அடங்கும் என்பதால், பெயர் இடம்பெற்ற எல்லோரையும் மோசடிக்காரர் என்பது அநீதி.

இத்தகைய சிக்கலுக்கு இடமளிக்கும் சூழலைச் சென்னைப் பகுதியிலும் காணலாம். தாம்பரத்துக்குத் தெற்கே ஜி.எஸ்.டி. சாலையிலும் வண்டலூர்–கேளம்பாக்கம் சாலையிலும் தனியார் பல்கலைக்கழகங்கள் அடுத்தடுத்து அமைந்துள்ளன. கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணும் மத்திய அரசின் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசை இவற்றின் சேர்க்கையைப் பாதிப்பதால், எழுதியே தீரவேண்டிய நெருக்கடி உதவிப் பேராசிரியர் வரை இறங்குகிறது. 2025-இல் ‘நியூரோசர்ஜிகல் ரிவ்யூ’ இதழ், செயற்கை நுண்ணறிவு எழுதியதற்கான அறிகுறி கண்டு 100-க்கும் மேற்பட்ட கட்டுரைகளை விலக்கியது; பெரும்பகுதி சென்னை சவீதா பல்கலைக்கழகத்தாருடையவை. அவ்வாண்டு முதல் என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசையில் திரும்பப் பெறப்பட்ட கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கப்படுகிறது. இது தேவையான நடவடிக்கையே.

2023 முதல் கிராஸ்ரெஃப் வழியாக இலவசமாகக் கிடைக்கும் ரிட்ராக்ஷன் வாட்ச் தரவுத்தளத்தில் ஒரு கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று தேடிப் பார்க்கலாம். மேற்கோள்களை நிர்வகிக்கும் ஜொட்டேரோ மென்பொருள், அத்தகைய கட்டுரை நம் தொகுப்பில் இருந்தால் தானே எச்சரிக்கும்.