நீர் புகும் வாயும் மீன் செல்லும் வழியும்

பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா செல்லும் சாலையில் உள்ளது திரிங்காப். இம்மலைநாட்டு வரலாற்றை 1885ஆம் ஆண்டு வில்லியம் கேமரன் செய்த நில அளவையிலிருந்தும், 1929இல் தோன்றிய போ தேயிலைத் தோட்டத்திலிருந்தும் தொடங்குவது நம் வழக்கம். மலையின் ஆறுகளுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனை இங்கு நோக்குவோம்.

தெலோமும் பெர்த்தாமும் இயல்பில் கிழக்கு நோக்கியவை; ஜெலாய் வழியாகப் பகாங் ஆற்றை அடைந்து தென்சீனக் கடலில் கலப்பவை. 1963இல் நிறைவுற்ற நீர்மின் திட்டம் இப்போக்கை மாற்றியது. தெலோமின் நீர் சுரங்கவழியே பெர்த்தாமுக்குக் கொணரப்பட்டது. ரிங்லெட்டில் சுல்தான் அபூபக்கர் அணை அதனைத் தேக்கியது. அங்கிருந்து மற்றொரு சுரங்கம் பேராக் மாநிலத்தின் ஜோர் மின்நிலையத்திற்கு அதனை இறக்கியது. கீழைக்கடலுக்குரிய நீர் இவ்வாறு மலாக்கா நீரிணைக்குரியதாயிற்று.

மின்விளக்கு பெற்றோம், அதன் பயனை மறுப்பதற்கில்லை. ஆயினும், நீர் புகும் வாயில் மீனுக்கு நேர்வது யாது? இழுப்பு மிகுந்தால் மீன்கள் கம்பித்தட்டியில் ஒட்டி மடிகின்றன. முட்டையும் குஞ்சும் தட்டியின் இடைவெளியில் நுழைந்து சுழலி வரை செல்கின்றன. தடுப்பணை, இனப்பெருக்கத்திற்காக மேலேறும் மீனை மறிக்கிறது. நீர் குறைந்த கீழாற்றில் மடுக்கள் சுருங்கி, நீர் வெம்மையுறுகிறது. மலைச்சரிவைத் திருத்துவதால் வரும் வண்டலும் முட்டையிடும் கூழாங்கற்படுகையை மூடுகிறது; ஆதலின் பழி முழுவதையும் நீரெடுப்பின்மேல் சுமத்தல் முறையன்று.

தமிழ்ச் சொற்கள் இங்கு நமக்குத் துணைசெய்கின்றன. வாய்க்கால் என்பதில் 'வாய்' உண்டு: ஆற்றிலிருந்து நீரை உட்கொள்ளும் இடம் அது. ஏரிக்கு மதகு மட்டும் அமைத்து நம் முன்னோர் அமையவில்லை, கலிங்கும் அமைத்தனர். மதகு, வேண்டிய நீரை எடுப்பது. கலிங்கு, மிகுநீரைக் கீழே விடுவது. எடுத்தலும் விடுத்தலும் ஒருங்கே எண்ணப்பட்டன. இன்றைய பொறியியல் 'சூழலுக்கான நீரோட்டம்' எனக் கூறுவது இதனோடு ஒத்த சிந்தனையே.

அமெரிக்காவின் 1972ஆம் ஆண்டுத் தூயநீர்ச் சட்டம், ஆலைகளும் மின்நிலையங்களும் குளிர்விக்க நீர் எடுக்கும் வாய்களில் உயிரினக் கேட்டைக் குறைக்கும் சிறந்த தொழில்நுட்பத்தைக் கோரியது. 2014ஆம் ஆண்டு விதிகள் ஏற்கும் வழிகளுள் ஒன்று, தட்டியில் நீர் நுழையும் விரைவை வினாடிக்கு அரை அடிக்குள் அடக்குவது. மெல்ல இழுக்கும் நீரிலிருந்து மீன் நீந்தித் தப்பும் என்பதே இதன் அடிப்படை.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். தோட்டத்து முதியோரிடமும் செமாய் மக்களிடமும் ஆற்றுமீன்களின் பெயர்களை மாணவர் கேட்டுத் தொகுக்கட்டும். செமாய், மலாய், தமிழ்ப் பெயர்கள் அருகருகே நிற்கட்டும். மீன் மறைந்தால் பெயரும் விரைவில் மறையும். பெயர் மறைந்தபின், இழந்தது இன்னதெனச் சொல்லவும் நமக்குச் சொல் இராது.