கொட்டகையும் கூட்டமும்: மசாலாப் படம் பார்த்தலின் வரலாறு

பாட்டு, சண்டை, நகைச்சுவை, காதல், தாய்ப்பாசம் ஆகிய அனைத்தையும் ஒரே கதைக்குள் அடக்கும் மசாலாப் படத்தை அதன் கதையை மட்டும் கொண்டு எடைபோடுவோர், அவ்வடிவம் உருவானதில் அதைத் திரையிட்ட கொட்டகைக்கும் அங்கே திரண்ட கூட்டத்துக்கும் இருந்த பங்கைக் கருதுவதில்லை.

அக்கூட்டத்தின் பழக்கங்கள் சினிமாவுக்கு முந்தியவை. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) முதலியோரின் இசை நாடகங்கள் இரவெல்லாம் நடைபெற்ற காலத்தில், கதைக்கு நடுவே பபூன் எனப்படும் கோமாளி தோன்றிச் சிரிக்கவைப்பதும், மனத்துக்குப் பிடித்த பாட்டை அவையோர் ‘ஒன்ஸ்மோர்’ கேட்டு மறுபடி பாடவைப்பதும் வழக்கமாக இருந்தன. 1931-இல் ‘காளிதாஸ்’ வெளிவந்து தமிழ்ப் பேசும்படக் காலம் தொடங்கியபின், நாடக நடிகர்களும் பாட்டுகளும் திரைக்குப் பெயர்ந்தபோது, கலையோடு உரையாடும் இப்பழக்கமும் உடன் பெயர்ந்தது.

படத்தை ஊர் ஊராகக் கொண்டுசெல்லும் தொழிலோ பேசும்படத்துக்கும் மூத்தது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-இல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியை வாங்கிக் கூடாரமடித்துப் படம் காட்டியதோடு, பின்னர் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிலையான அரங்கையும் கட்டினார். அவ்வழியில் வளர்ந்த டூரிங் டாக்கீஸ் என்பது, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்று ஊர்ப்புறத்தில் எழுப்பப்பட்ட கொட்டகையாகும். தரை டிக்கெட் வாங்கியோர் மணலைக் குவித்து மேடாக்கி அதன்மீது அமர்ந்தனர். கூடுதலாகக் கொடுத்தோருக்குப் பெஞ்சும் நாற்காலியும் கிடைத்தன. பெரும்பாலும் ஒரே படக்கருவி இருந்தமையால், ரீல் மாற்றுவதற்காகப் படம் பலமுறை நிறுத்தப்பட, முறுக்கும் சோடாவும் விற்பனையாகும் இடைவேளைகளும் பலவாயின.

தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்த முதல் கலைக்கூடம் சினிமாக் கொட்டகையே என்றும், அங்கே இருக்கையை முடிவுசெய்தது சமூகப் படிநிலை அன்று, வாங்கும் சக்தியே என்றும் பேராசிரியர் கா. சிவத்தம்பி எடுத்துக்காட்டினார். வறுமையும் சாதியும் பின்னிக் கிடந்த சமூகத்தில் அச்சமத்துவம் முழுமையானதன்று எனினும், வயதாலும் தொழிலாலும் வேறுபட்ட அனைவரையும் ஒரே காட்சியில் நிறைவு செய்ய வேண்டிய கட்டாயம் அதனால் படத்துக்கு ஏற்பட்டது. முரசு நடனம், சர்க்கஸ், வாட்போர் ஆகியவற்றை ஒருங்கே தந்த எஸ். எஸ். வாசனின் ‘சந்திரலேகா’வும் (1948), எம்.ஜி.ஆர். தயாரித்து இயக்கி இரட்டை வேடத்தில் நடித்த ‘நாடோடி மன்னன்’ (1958) படமும் அக்கட்டாயத்தைக் கலையாக்கிய முயற்சிகள்.

ரசிகர் மன்றங்கள் பெருகிய பிறகு, நாயகன் தோன்றும் கணத்தில் விசிலடிப்பதும், காகிதத் துண்டுகளை வாரி இறைப்பதும், கட்-அவுட்டுக்கு மாலையிட்டுச் சூடம் கொளுத்துவதும் முதல்நாள் காட்சியின் சடங்குகளாயின. அவ்வாரவாரத்துக்கு இடம்விட்டே நாயகனின் அறிமுகக் காட்சியும் அமைக்கப்பட்டது. தொலைக்காட்சியும் வீடியோவும் பரவியபின் டூரிங் டாக்கீஸ்கள் அருகின. படச்சுருளைப் பாதுகாப்பதோடு நில்லாமல், கொட்டகை நடத்தியோர், படக்கருவி இயக்கியோர், தரையில் அமர்ந்து பார்த்தோர் ஆகியோரின் நினைவுகளையும் தொகுத்தால்தான் தமிழ்ச் சினிமா வரலாறு நிறைவுபெறும். ஏனெனில் மசாலாப் படத்தை ஆக்கியவர்களுள் அவர்களும் அடங்குவர்.