நாடு: ஆஸ்திரியா

2008 பிப்ரவரி 24 அன்று வெளிநாட்டு மொழிப் படத்துக்கான ஆஸ்கரைப் பெற்றுக்கொண்ட ஸ்டெஃபான் ருசோவிட்ஸ்கி, மேடையில் மூன்று பேரை நினைவுகூர்ந்தார். பில்லி வைல்டர், ஃபிரெட் ஜின்னமன், ஓட்டோ பிரெமிங்கர். ஹாலிவுட்டில் பெயர் பெற்ற ஆஸ்திரியர்களில் பெரும்பாலோர் நாஜிகளால் நாட்டை விட்டுப் போனவர்கள், ஆகவே ஆஸ்கர் வெல்லும் முதல் ஆஸ்திரியப் படம் நாஜிகளின் குற்றங்களைப் பற்றியதாக இருப்பது பொருத்தமே என்ற பொருளில் பேசினார். சாக்சன்ஹவுசன் வதைமுகாமில் யூதக் கைதிகளைக் கொண்டு பிரிட்டிஷ் பவுண்டுகளைக் கள்ளநோட்டாக அச்சடித்த கதைதான் அவருடைய 'தி கவுன்ட்டர்ஃபீட்டர்ஸ்'.

அந்தச் சிறு உரையை வைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தேன். விருதுப் பட்டியல்களில் நாடு என்றொரு கட்டம் இருக்கும். அதில் 'ஆஸ்திரியா' என்று எழுதப்படுவது எதனால், எழுதப்படாமல் போவது எதனால் என்று தெரிந்துகொள்ள விரும்பினேன்.

முதலில் அந்த மூவரின் பிறப்பு விவரங்களைப் பார்த்தேன். வைல்டர் 1906இல் சூகா என்ற சிற்றூரில் பிறந்தவர். அது இன்று போலந்தில் இருக்கிறது. ஜின்னமன் வியன்னாக்காரர் என்றே பல நூல்கள் சொல்லிவந்தன. அவர் 1907இல் பிறந்தது ஜெஷுஃப் நகரில், அதுவும் இன்று போலந்துதான். பிரெமிங்கர் பிறந்த விஷ்னித்ஸியா இன்றைய உக்ரைனில் உள்ளது. தன் பிறப்பிடம் பற்றி இரண்டு விதமான ஆவணங்கள் இருப்பதை அவரே சுயசரிதையில் எழுதியிருக்கிறார். மூவருமே ஆஸ்திரிய–ஹங்கேரியப் பேரரசின் பிள்ளைகள். 1918இல் பேரரசு உடைந்தபோது அவர்கள் பிறந்த மண் வேறு நாடுகளின் கைக்குப் போய்விட்டது. ஆக, ஆஸ்திரியாவின் பெருமையாக மேடையில் சொல்லப்பட்ட மூவரில் ஒருவர்கூட இன்றைய ஆஸ்திரிய எல்லைக்குள் பிறக்கவில்லை.

நாட்டை விட்டுப் போன கதையும் ஒரே மாதிரி இல்லை. ஜின்னமன் 1929இலேயே, நாஜிகள் ஆட்சிக்கு வருவதற்கு முன்பே, சினிமாவைத் தேடி அமெரிக்கா போனவர். பிரெமிங்கர் 1935இல் ஹாலிவுட் அழைப்பின்பேரில் கப்பலேறினார். வைல்டர் மட்டும் 1933இல் உயிருக்குப் பயந்து வெளியேறியவர், அதுவும் வியன்னாவிலிருந்து அல்ல, பெர்லினிலிருந்து. எப்படிப் போயிருந்தாலும், நாஜிகள் ஆஸ்திரியாவைக் கைப்பற்றிய 1938க்குப் பிறகு திரும்பிவர அவர்களுக்கு வீடு இல்லை. ஜின்னமனின் பெற்றோர் இருவரும் யூத இனப்படுகொலையில் இறந்தார்கள்.

வைல்டரின் தாய் விஷயத்தில் இன்னொருவர் நடத்திய தேடலைச் சொல்லியாக வேண்டும். ஆறு ஆஸ்கர்கள் வாங்கிய, 1946இல் கான் விழாவிலும் உயர்பரிசு பெற்ற வைல்டர், தன் தாய் அவுஷ்விட்ஸில் கொல்லப்பட்டதாகவே சாகும்வரை நம்பினார். வாழ்க்கை வரலாறுகளும் அதையே திரும்பத் திரும்ப எழுதின. தாய் மறுமணம் செய்துகொண்டவர். யூஜெனியா சீட்லிஸ்கர் என்பது அவருடைய பிந்தைய பெயர். வைல்டர் என்ற பெயரில் தேடியவர்களுக்கு அவர் எப்படிக் கிடைப்பார்? ஆஸ்திரிய ஆய்வாளர் ஆண்ட்ரியாஸ் ஹட்டர், ஹைன்ஸ் பீட்டர்ஸுடன் சேர்ந்து 2011இல் உண்மையை வெளிக்கொண்டுவந்தார். யூஜெனியா 1943இல் கொல்லப்பட்டது கிராக்கவ் அருகே இருந்த பிளாஷுஃப் முகாமில். மகன் இறந்து ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

இதைப் படித்ததும் வைல்டரின் கடைசிக் காலம் பற்றிய குறிப்புகளை மறுபடி எடுத்தேன். தன் குடும்பத்தின் நினைவாக அவர் எடுக்க ஆசைப்பட்ட படம் 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்'. அது ஸ்பீல்பெர்க் கைக்குப் போனது. அந்தக் கதை நடக்கும் முகாம் பிளாஷுஃப். 1943 பிப்ரவரி முதல் அதன் தளபதியாக இருந்த ஆமோன் கோத், வியன்னாவில் பிறந்தவன். தன் தாயைக் கொன்ற இடத்தைப் படமாக்கத்தான் ஆசைப்படுகிறோம் என்று வைல்டருக்குத் தெரியாது. திரைப்பட வரலாற்றில் எனக்குத் தெரிந்த வேறெந்தத் தகவலும் என்னை இந்த அளவுக்கு உலுக்கியதில்லை.

அடுத்து இயக்குநர் மைக்கேல் ஹானெகெ. பிறந்தது மியூனிக், வளர்ந்தது ஆஸ்திரியாவின் வீனர் நாய்ஷ்டாட். இவருடைய மூன்று படங்களை மட்டும் எடுத்துக்கொண்டு, நாடு என்ற கட்டத்தில் என்ன நடந்தது என்று விதிமுறைகளோடு ஒப்பிட்டேன். இங்கே ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். வெளிநாட்டு மொழிப் படப் பிரிவில் அகாடமி அப்போது விருதை இயக்குநருக்குத் தரவில்லை, நாட்டுக்குத் தந்தது. இயக்குநர் நாட்டின் சார்பில் வாங்கிக்கொண்டார். ஒரு நாடு ஒரு படத்தைத்தான் அனுப்பலாம்.

2005இல் 'காஷே' கான் விழாவில் இயக்குநர் பரிசு பெற்றது. ஆஸ்திரியா அதை ஆஸ்கருக்கு அனுப்பியது. படம் பிரெஞ்சு மொழியில் இருக்கிறது, அது ஆஸ்திரியாவின் மொழி அல்ல என்று அகாடமி தள்ளிவிட்டது. அதே ஆண்டில் இத்தாலி அனுப்பிய 'பிரைவேட்' படத்துக்கும் அதே கதிதான். அதில் பேசப்பட்டவை அரபும் ஹீப்ருவும் ஆங்கிலமும். எதிர்ப்புகள் எழுந்தன, 2006இல் விதி மாறியது. அனுப்பும் நாட்டின் மொழியில்தான் படம் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போனது. அந்த மாற்றத்தால் முதலில் பயனடைந்தவற்றில் ஒன்று நமக்குத் தெரிந்த படம்: தீபா மேத்தாவின் 'வாட்டர்'. வாரணாசியில் படப்பிடிப்பை நடத்த விடாமல் விரட்டியதால் இலங்கையில் எடுத்து முடிக்கப்பட்ட அந்த இந்திப் படம், கனடாவின் பெயரில் ஆஸ்கரின் இறுதிப் பட்டியலுக்குள் போனது.

2009இல் 'தி ஒயிட் ரிப்பன்' கான் விழாவின் உயர்பரிசான தங்கப்பனையை வென்றது. மொழி ஜெர்மன். ஒளிப்பதிவு ஆஸ்திரியரான கிறிஸ்டியான் பெர்கர். வியன்னாவின் வேகா ஃபிலிம் கூட்டுத் தயாரிப்பாளர்களில் ஒன்று. ஆனால் தயாரிப்பில் முன்னின்றது பெர்லினின் எக்ஸ் ஃபில்மே நிறுவனம். ஆஸ்கருக்கு அதை அனுப்பியது ஜெர்மனி. ஆஸ்திரியா அந்த ஆண்டு அனுப்பியது, ஈரானில் பிறந்த ஆரஷ் ரியாஹியின் 'ஃபார் எ மோமென்ட், ஃப்ரீடம்' என்ற அகதிகள் கதையை.

2012இல் 'அமூர்'. மீண்டும் தங்கப்பனை. பாரிஸில் நடக்கும் கதை, பிரெஞ்சு மொழி, பிரெஞ்சு நடிகர்கள். இதை அனுப்பியது ஆஸ்திரியா. பிரான்ஸ் அந்த ஆண்டு 'தி இன்டச்சபிள்ஸ்' படத்தை அனுப்பியிருந்தது. 2013 பிப்ரவரி 24 அன்று ஆஸ்திரியாவுக்கு இரண்டாவது ஆஸ்கர் கிடைத்தது. ஜெர்மன் பேசும் படம் ஜெர்மனிக்கு, பிரெஞ்சு பேசும் படம் ஆஸ்திரியாவுக்கு என்று கணக்கு முடிந்தது.

'அமூர்' படத்தில் ஆஸ்திரியா எங்கே இருக்கிறது என்று தேடியபோது, படத்தொகுப்பில் மோனிகா வில்லி, தயாரிப்பில் வேகா ஃபிலிம் என்று பெயர்ப் பட்டியலில் சில தடயங்கள் கிடைத்தன. பெரிய தடயம் ஹானெகெயின் பேட்டிகளில் இருந்தது. அந்த முதிய தம்பதி வாழும் பாரிஸ் வீடு, படப்பிடிப்புத் தளத்தில் போட்ட செட். அதன் அறைகளின் அமைப்பு, வியன்னாவில் அவருடைய பெற்றோர் வாழ்ந்த வீட்டைப் பின்பற்றியது. கதைக்கு மூலம், அவரை வளர்த்த அத்தையின் முதுமையும் முடிவும். நாடு என்ற கட்டத்தில் எழுதப்பட்டது இந்த ஒருமுறை ஆவணங்களோடு நன்றாகவே பொருந்துகிறது. ஆனால் அகாடமிக்கு அந்த வீடு ஒரு பொருட்டே அல்ல. விதி கேட்டவை வேறு.

மாறிய விதியிலும் ஒரு கதவு மூடியே இருந்தது: வசனத்தில் பாதிக்கு மேல் ஆங்கிலமாக இருக்கக் கூடாது. 2019இல் ஆஸ்திரியா அனுப்பிய 'ஜாய்' அதில் சிக்கியது. இயக்கியவர் சூதாபே மோர்த்தெசாய், ஜெர்மனியில் பிறந்து தெஹ்ரானிலும் வியன்னாவிலும் வளர்ந்தவர். பாலியல் தொழிலுக்காக நைஜீரியாவிலிருந்து வியன்னாவுக்குக் கடத்திவரப்படும் பெண்களின் கதை அது. லண்டன் திரைப்பட விழாவில் சிறந்த படமாகத் தேர்வானது. கதை நடக்கும் ஊர் வியன்னா, ஆனால் அந்தப் பெண்கள் பெரும்பாலும் பேசுவது ஆங்கிலம். அகாடமி அதை விலக்கியது. அந்த ஆண்டே நைஜீரியா முதன்முதலாக அனுப்பிய 'லயன்ஹார்ட்' படமும் அதே காரணத்துக்காக விலக்கப்பட்டது. ஆங்கிலம் தங்கள் நாட்டின் பல மொழிக்காரர்களையும் இணைக்கும் மொழி என்றும், யார் தங்களைக் காலனியாக்குவது என்பதைத் தாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை என்றும் அதன் இயக்குநர் ஜெனிவீவ் ந்னாஜி வெளிப்படையாகவே எதிர்ப்புத் தெரிவித்தார்.

அந்தப் பிரிவின் பெயர் அதே 2019இல்தான் 'சர்வதேசத் திரைப்படம்' என்று மாற்றப்பட்டிருந்தது. 'வெளிநாட்டு மொழி' என்ற சொல் பெயரிலிருந்து போய்விட்டது, விதியிலிருந்து போகவில்லை. 'காஷே' தள்ளப்பட்ட அடுத்த ஆண்டே அகாடமி தன் விதியைத் திருத்தியது. 'ஜாய்' படத்துக்குப் பிறகு திருத்தவில்லை. அதையும் திருத்த வேண்டும்.