ஆறாவது சரணம் எங்கே போச்சு?

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு இடைவெளியைப் பத்தி. மேற்கத்திய இசைத்தாளில் அஞ்சு கோடு இருக்கும், அதுக்கு அடியில் பாட்டோட வார்த்தை இருக்கும். ஒரு சரணம்னா பிரச்சினை இல்லை. ஆறு சரணம் இருந்தா? ஆறையும் ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா நோட்டுகளுக்கு அடியில் அடுக்குறதா, இல்ல கவிதை மாதிரி தனியா கீழே போடுறதா? சும்மா லேஅவுட் சமாச்சாரம்தானேன்னு தோணும். ஆனா ஒரு பாட்டில் எந்த சரணம் நிலைச்சது, எது காணாமப் போச்சுங்கிறதுல இதுக்கும் ஒரு பங்கு இருக்குங்கிறதுதான் என் கட்சி.

எல்லாரும் கேட்டிருக்கிற ‘அமேசிங் கிரேஸ்’ பாட்டையே எடுத்துக்குவோம். எழுதினவர் ஜான் நியூட்டன். ஒரு காலத்தில் அடிமைக் கப்பலின் கேப்டன், பிறகு இங்கிலாந்தின் ஓல்னி என்ற ஊரில் பாதிரியார். 1772 கடைசியில் எழுதினார். 1779-ல் ‘ஓல்னி ஹிம்ஸ்’ புத்தகத்தில் அச்சாச்சு. மொத்தம் ஆறு சரணம். ஒரு நோட்டு கூடக் கிடையாது.

அது ஒண்ணும் கஞ்சத்தனம் இல்லை. அன்றைய வழக்கம் அப்படி. வார்த்தைக்கு ஒரு புத்தகம், மெட்டுக்கு வேற புத்தகம். அமெரிக்காவில் 1640-ல் அச்சான ‘பே சாம் புக்’குக்கு மெட்டு வந்து சேர்ந்ததே 1698 பதிப்பில்தான், அதுவும் 13 மெட்டுகள். எப்படிச் சமாளிச்சாங்க? அசைக் கணக்கு. முதல் வரி 8 அசை, அடுத்தது 6, மறுபடி 8, 6. இதுக்கு ‘காமன் மீட்டர்’னு பேர். இந்த அளவில் எழுதின எந்தப் பாட்டையும் இந்த அளவிலுள்ள எந்த மெட்டிலும் பாடலாம். காவடிச்சிந்து மெட்டுக்கு நம்மாட்கள் புதுசு புதுசா வார்த்தை கட்டுவாங்களே, அந்த மாதிரி. நம்ம ஊர் சர்ச் பெஞ்சுகளில் இருக்கிற பாமாலையைத் திறந்து பாருங்க, இன்னைக்கும் வெறும் வார்த்தைதான். மெட்டு ஆர்கன் வாசிக்கிறவர் கையில.

நியூட்டன் வரிகளை இன்னைக்கு நாம கேட்கிற ‘நியூ பிரிட்டன்’ மெட்டோடு அச்சில் சேர்த்தவர் வில்லியம் வாக்கர், ‘சதர்ன் ஹார்மனி’யில், 1835-ல். நியூட்டன் இறந்தது 1807. உலகமே பாடுற அந்த ஜோடியை அவர் அச்சில் பார்த்ததே இல்லை.

இப்போ கதையின் ருசியான இடம். பத்தாயிரம் வருஷக் கணக்கு வரும் ஒரு கடைசி சரணம் உண்டு, கேட்டிருப்பீங்க. அது நியூட்டன் எழுதினதே இல்லை! எருசலேம் பத்தின வேறொரு பழைய பாட்டிலிருந்து வந்தது. அளவு ஒண்ணுதான், அதனால கச்சிதமா ஒட்டிக்கிச்சு. 1852-ல் ஹேரியட் பீச்சர் ஸ்டோவ் எழுதின ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ நாவலில் டாம் அதை நியூட்டன் சரணங்களோடு சேர்த்துப் பாடுறார். அடுத்த மூணே வருஷத்தில், 1855-ல், அவங்க தம்பி ஹென்றி வார்டு பீச்சர் புரூக்ளினில் ‘பிளிமத் கலெக்‌ஷன்’ கொண்டு வர்றார். அதுல மெட்டும் வார்த்தையும் ஒரே பக்கத்தில். அக்கா சரணத்தை ஊரறியப் பரப்பினாங்க, தம்பி வார்த்தையையும் மெட்டையும் ஒரு பக்கத்தில் குடி வெச்சார்.

பின்னால வந்த அமெரிக்கப் புத்தகங்கள் இன்னும் ஒரு படி போய், எல்லா சரணத்தையும் நோட்டுகளுக்கு நடுவிலேயே அசை அசையாப் பிச்சு அடுக்கின. பாடுறவங்களுக்குப் பெரிய வசதி. எந்த அசை எந்த நோட்டுக்குன்னு யோசிக்கவே வேண்டாம். ஆனா நாலு வரிக்கு மேல போனா கண் தடுமாறும். மூணாவது சரணம் பாடிக்கிட்டே அடுத்த கோட்டுக்குத் தாவினா நாலாவதில் போய் நிக்கும். பக்கமும் வீங்கும். அப்புறம் என்ன, எடிட்டர் கத்தரியை எடுப்பார். பூமி பனியாக் கரையும்னு நியூட்டன் எழுதின ஆறாவது சரணம் பல புத்தகங்களில் இல்லை, யாரோ எழுதின கடைசி சரணம் இருக்கு. இடம் மட்டுமே காரணம்னு சொல்ல மாட்டேன், ரசனையும் உண்டு. ஆனா நெருக்கடியில் முதலில் வெளியே போறது பழக்கமில்லாத சரணம்தான்.

பிரிட்டிஷ் புத்தகங்களில் பெரும்பாலும் மெட்டு மேலே, சரணங்கள் கீழே, முழுக் கவிதையா. கண்ணு ரெண்டு இடத்துக்கும் ஓடணும், கொஞ்சம் கஷ்டம்தான். எனக்கு இதுதான் பிடிச்சிருக்கு. என்ன பாடுறோம்னு வாசிச்சுப் புரிஞ்சுக்கலாம்.

1996-ல் நெதர்லாந்தில் ரெண்டு இசைக்காரர்கள் தொடங்கின ‘லிலிபாண்ட்’ மென்பொருளும் இதே கேள்வியை நம்மகிட்ட கேட்குது. அசைகளுக்கு நடுவில் ரெண்டு சின்னக் கோடு போட்டா, அது அசைகளை நோட்டுக்கு அடியில் சரியா உட்கார வைக்கும், சரண எண்ணையும் போடும். மிச்ச சரணங்களைப் பாட்டு முடிஞ்சதும் பத்தி பிரிச்சு அடுக்கவும் வழி இருக்கு. நான் மூணு சரணத்தை நோட்டுக்கு அடியில் வைப்பேன். நாலு, அஞ்சு, ஆறு மூணும் கீழே, நடுவில் ஒரு வரி இடம் விட்டு. நியூட்டனோட பனி அங்கே பத்திரமா இருக்கு.