பேரணிக்குப் பின்னால் இருந்த மனிதர்: வாஷிங்டன், 1963

ஈவென்ட் மேனேஜ்மென்ட் படிக்கிறவங்களும், அந்தத் தொழிலுக்குப் புதுசா வந்தவங்களும் நம்ம நேயர்களில் இருக்கீங்க. உங்களுக்காகவே இன்னைக்கு ஒரு வரலாற்று நிகழ்ச்சியை எடுத்துக்கிட்டேன்: 1963 ஆகஸ்ட் 28 அன்று நடந்த வாஷிங்டன் பேரணி. மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைப் பற்றிப் பேசிய நாள்னு சொன்னா எல்லாருக்கும் தெரியும். அந்தப் பேச்சு சுமார் இரண்டரை லட்சம் பேர் காதில் எப்படி விழுந்தது? அதைத்தான் நான் பேசப்போறேன்.

அதற்குப் பின்னால் இருந்தவர் பேயார்ட் ரஸ்டின். கறுப்பின மக்களுக்கு வேலையும் உரிமையும் கேட்டு ஒரு பேரணி நடத்துவதென்று, முக்கிய அமைப்புகளின் தலைவர்கள் ஜூலை 2 அன்று நியூயார்க்கில் கூடிப் பேசினார்கள். பேரணிக்கு மீதியிருந்தது எட்டே வாரம். ரஸ்டினிடம் பொறுப்பைக் கொடுக்க ராய் வில்கின்ஸ் ஒத்துக்கொள்ளவில்லை. ரஸ்டின் இளமையில் கம்யூனிஸ்ட் இளைஞர் அமைப்பில் இருந்தவர், உலகப்போரில் ராணுவத்தில் சேர மறுத்துச் சிறைக்குப் போனவர், தன்பாலின ஈர்ப்பாளர். எதிரிகள் இதையெல்லாம் பிடிச்சுக்குவாங்க என்பது வில்கின்ஸின் பயம். மூத்த தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் ஒரு வழி கண்டுபிடித்தார். இயக்குநர் பதவியைத் தானே எடுத்துக்கொண்டு, ரஸ்டினைத் துணை இயக்குநர் ஆக்கினார். வேலை முழுக்க ரஸ்டின் கையில்.

ராண்டால்ஃப் ஏன் அவரை விடவில்லை? 1941-லேயே ராண்டால்ஃப் இப்படி ஒரு பேரணியை அறிவித்தார். போர்த்தளவாடத் தொழிலில் இனப் பாகுபாட்டைத் தடுக்க அதிபர் ரூஸ்வெல்ட் ஆணை பிறப்பித்ததால் அது கைவிடப்பட்டது. அதற்கு இளைஞர்களைத் திரட்டியவர்களில் ரஸ்டினும் ஒருவர். பிறகு 1957-ல் வாஷிங்டனில் ஒரு பிரார்த்தனைக் கூட்டம். 1958-ல் சுமார் 10,000 பேர் வந்த மாணவர் பேரணி. 1959-ல் அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல். பேருந்தை எங்கே நிறுத்துவது, காவல்துறையிடம் எப்படிப் பேசுவது, கூட்டத்தை எப்படி நகர்த்துவது, எல்லாமே இந்தக் கூட்டங்களில் கற்றுக்கொண்டதுதான். ஒரே நாளில் வந்த திறமை கிடையாது.

1963-ல் பணயமாக இருந்தது என்னன்னு பாருங்க. குடிமை உரிமை மசோதா நாடாளுமன்றத்தில் இருக்கிறது. கலவரம் வந்தால் மசோதா போய்விடுமோ என்று அதிபர் கென்னடி கவலைப்பட்டார். ராணுவத்தைத் தயார்நிலையில் வைத்தார்கள். அன்று நகரத்தில் மது விற்பனைக்கே தடை. ஏற்பாட்டில் ஒரு சின்னப் பிசகு நடந்தாலும், அதையே கோரிக்கைக்கு எதிரான ஆதாரமாகக் காட்டப் பலர் காத்திருந்தார்கள். ஆகஸ்ட் 13 அன்று செனட்டர் ஸ்ட்ரோம் தர்மண்ட் சபையிலேயே ரஸ்டினைத் தாக்கிப் பேசினார். ஆனால் ராண்டால்ஃபும் மற்ற தலைவர்களும் ரஸ்டினை விட்டுக்கொடுக்கவில்லை.

ஹார்லெமில் ஒரு பழைய கட்டடத்தில் அலுவலகம். போக்குவரத்துப் பொறுப்பு ரேச்சல் ஹோரோவிட்ஸ் என்ற 24 வயதுப் பெண்ணிடம். அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது! ஆனால் கணக்கு சுத்தமாக இருக்கும். 2,000-க்கும் மேற்பட்ட பேருந்துகள், 20-க்கும் மேற்பட்ட சிறப்பு ரயில்கள் வந்து சேர்ந்தன.

அடுத்தது சாப்பாடு. வருகிறவர்களுக்காக ஒரு கையேடு அச்சடித்தார்கள். கட்டிக்கொண்டு வரும் உணவில் மயோனைஸ் வேண்டாம், ஆகஸ்ட் வெயிலில் கெட்டுவிடும் என்கிற அளவுக்கு அதில் யோசித்திருந்தார்கள். இது போக, நியூயார்க்கின் ரிவர்சைடு தேவாலயத்தில் தன்னார்வலர்கள் 80,000 பொட்டலம் சீஸ் சாண்ட்விச் கட்டினார்கள். குடிநீர், கழிப்பறை, முதலுதவி எல்லாவற்றுக்கும் தனித்தனித் திட்டம். ஒழுங்குபடுத்த, நியூயார்க்கின் கறுப்பினக் காவலர்களைத் துப்பாக்கி இல்லாமல் வரச்சொல்லி, வன்முறையில்லாமல் கூட்டத்தைக் கையாள ரஸ்டினே பயிற்சி கொடுத்தார்.

ஒலிபெருக்கியில் மட்டும் அவர் சிக்கனம் பார்க்கவே இல்லை. பேச்சு காதில் விழாத கூட்டம் பொறுமை இழக்கும் என்பது அவர் கணக்கு. பல ஆயிரம் டாலர் செலவில் நல்ல கருவிகளை வாங்கி வைத்தார்கள். பேரணிக்கு முதல் நாள் யாரோ அதைக் கெடுத்துவிட்டார்கள். நீதித்துறை அமைச்சகத்துக்குச் செய்தி போய், ராணுவத்தின் தகவல்தொடர்புப் பிரிவு ராத்திரியோடு ராத்திரியாகச் சரிசெய்தது. அடுத்த நாள் கிங்கின் குரல் கேட்டது அதனால்தான்.

பேரணி நாள் காலை. மைதானத்தில் கூட்டமே இல்லை. நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். ரஸ்டின் கையிலிருந்த தாளைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், எல்லாம் திட்டப்படி நடக்கிறது என்றார். அந்தத் தாளில் ஒரு எழுத்துகூட இல்லை என்று பிற்பாடு அவரோடு இருந்தவர்கள் சொன்னார்கள். கொஞ்ச நேரத்தில் மக்கள் வந்து குவிந்தார்கள். தலைவர்கள் வருவதற்குள் அவர்களே நடக்கவும் ஆரம்பித்துவிட்டார்கள். தலைவர்கள் ஓடிவந்து சேர்ந்துகொள்ள வேண்டியதாயிற்று. எவ்வளவு திட்டம் போட்டாலும் கூட்டம் தன் விருப்பத்துக்குத்தான் நகரும். அதைத் தடுக்காமல் விட்டதும் நல்ல நிர்வாகம்தான்.

குறை இல்லாமல் இல்லை. முதன்மைப் பேச்சாளர் பட்டியலில் ஒரு பெண்கூடக் கிடையாது. ஏற்பாட்டுக் குழுவில் இருந்த அன்னா ஹெட்ஜ்மேன் இதை எதிர்த்தார். கடைசியில் டெய்சி பேட்ஸுக்குக் கொஞ்ச நேரம் மட்டும் கிடைத்தது. மேடையில் யார் நிற்கிறார்கள் என்பதும் ஏற்பாட்டாளர் பொறுப்புதான். இங்கே இவர்கள் தவறிவிட்டார்கள்.

பயந்த கலவரம் நடக்கவில்லை. மக்கள் அன்று மாலையே ஊர் திரும்பினார்கள். அடுத்த ஆண்டு, 1964-ல், குடிமை உரிமைச் சட்டம் வந்தது. அதற்குப் பல காரணங்கள் உண்டு. ஆனால் இத்தனை பேர் வந்தும் அமைதியாக முடிந்தது என்பது அந்தச் சட்டத்தை எதிர்த்தவர்களிடமிருந்து ஒரு வாதத்தைப் பறித்துவிட்டது.

ரஸ்டின் 1987-ல் இறந்தார். 2013-ல், பேரணியின் 50-ஆவது ஆண்டில், அதிபர் ஒபாமா அவருக்கு சுதந்திரப் பதக்கத்தை வழங்கினார். படிக்கிறவங்களுக்கு நான் சொல்றது இவ்வளவுதான்: உங்க பட்டியலில் தண்ணி, கழிப்பறை, மைக் மூணும் கடைசி வரியில் இருந்தா, இன்னைக்கே முதல் வரிக்குக் கொண்டுவாங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.